மேக்கரலுக்கு சபிக்கியும் வாசனைப் பையும்: பிரிக்சம் துறைமுகச் சுவரிலிருந்து ஒரு விமர்சனம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், விவரம் அப்புறம். இங்கிலாந்துத் துறைமுகங்களில் சுவர் மேல் நின்று மேக்கரல் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டில் கோலான ராடும் நூல் சுற்றும் ரீலும் போகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, சபிக்கி என்று ஜப்பான் பெயரிலேயே விற்கிற, சின்னச் சின்ன முள்களில் மீன்தோல் கட்டிய தூண்டில் சரம். இன்னொன்று, வலைப்பையில் போட்டுத் தண்ணீரில் தொங்கவிடுகிற வாசனை இரை, இங்கே அதை ரப்பி டப்பி என்பார்கள். இரண்டும் சேர்ந்து பத்துப் பவுண்டுக்குள் முடிந்துவிடும். கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கி மினுக்குகிற மற்றப் பொருள்களில் பாதிக்கு மேல் இந்த மீனுக்குத் தேவையே இல்லை.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் மேக்கரலின் உடம்பு. நம்மூர்க் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய சொந்தம்தான், ஆனால் இந்த அட்லாண்டிக் மேக்கரலுக்குக் காற்றுப்பை கிடையாது. பெரும்பாலான மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் அந்தப் பையின் தயவில் ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கும், இதுவோ நீந்துவதை நிறுத்தினால் கீழே போய்விடும். மூச்சும் அப்படியே, வாயைத் திறந்தபடி முன்னால் போய்க்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும். அதனால் துறைமுகத்துக்குள் குடியிருக்கும் மேக்கரல் என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் வந்து சுற்றிவிட்டுப் போகிற கூட்டம். சரி, அப்படியானால் நம் முன்னால் இரண்டு கேள்விதான்: கூட்டம் எந்தப் பக்கமாக, எந்த நேரத்தில் வரும்? வந்த கூட்டத்தை நம் காலடியில் இன்னும் பத்து நிமிடம் சுற்ற வைப்பது எப்படி? எந்தப் பொருளையும் நான் எடைபோடுவது இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான், பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் படத்தை வைத்து இல்லை.

நான் பெரும்பாலும் போவது டெவன் மாவட்டத்தில் டோர் விரிகுடாவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பிரிக்சம் துறைமுகத்துக்கு. கார் இல்லாதவர்களுக்கும் சுலபம், பெயின்டன் வரை ரயில், அங்கிருந்து 12-ஆம் எண் பேருந்து. வேமத் ஸ்டோன் பியரிலும் பிளிமத் பக்கம் மவுண்ட் பேட்டனிலும் இதே பொருள்களைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், அங்கேயும் முடிவு பெரிதாக மாறவில்லை.

சபிக்கியைப் பற்றி முதலில். இங்கே பரம்பரையாக எல்லோரும் வாங்குவது ஃபெதர் எனப்படும் இறகுச் சரம், சாயம் போட்ட கோழி இறகைப் பெரிய முள்ளில் கட்டியிருப்பார்கள், தடித்த நரம்பு (தூண்டில் நூலைத்தான் நரம்பு என்கிறேன்), விலையும் மலிவு. ஆகஸ்டில் மேக்கரல் வெறிபிடித்துத் தின்கிற நாளில் இது போதும், அந்த நாளில் வெறும் முள்ளில் சாக்லேட் காகிதத்தைக் கட்டிப் போட்டாலும் அடிக்கும். ஆனால் ஜூன் மாதத் தொடக்கத்தில், கடலில் அப்போதுதான் பொரித்த பொடி மீனும் மிதவை உயிர்களும் நிறைந்திருக்கும்போது, மேக்கரல் அந்தப் பொடியைத்தான் குறிவைத்துத் தின்னும். அந்த நேரத்தில் விரல் நீளத்துக்கு இறகு கட்டிய முள்ளை அது திரும்பியும் பார்க்காது. அங்கேதான் சபிக்கி ஜெயிக்கிறது. முள் சிறிது, அதில் கட்டியிருப்பது ஒரு சன்னமான மீன்தோல் துண்டு, தலையில் கடுகளவு பச்சை அல்லது சிவப்புப் புள்ளி. தண்ணீருக்குள் பார்த்தால் பொடி மீன்கள் வரிசையாக நடுங்கிக்கொண்டு போவது போலவே தெரியும். பக்கத்தில் இறகு போட்டவர் சும்மா நிற்க, சபிக்கி போட்டவர் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பதைத் தொடக்கக் காலத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். ஐரோப்பிய அளவில் அச்சிட்ட பாக்கெட்டில் எண் கூடினால் முள் சிறிது, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு அச்சிட்டதில் எண் கூடினால் முள் பெரிது. இணையத்தில் வாங்கும்போது இரண்டும் கலந்து கிடக்கும், எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நெத்திலி பிடிக்கும் முள் வந்து சேரும். படத்தில் பக்கத்தில் ஒரு நாணயம் இருந்தால் அதை வைத்து அளந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய எண்ணில் 6 அல்லது 8 மேக்கரலுக்குச் சரியாக இருக்கும். ஹயாபுசா போன்ற ஜப்பான் நிறுவனங்களின் பாக்கெட்டுகள் மூன்று நான்கு பவுண்டு ஆகும், முள் கூர்மை அருமை, கட்டும் சுத்தம். அதே உருவத்தில் ஒரு பவுண்டுக்கும் கிடைக்கிறது. அப்படி ஒன்று வாங்கிப் பார்த்ததில் இரண்டாவது முறை போவதற்குள் முள் எல்லாம் துருப்பிடித்து, கட்டிய நூல் அவிழ்ந்து தோல் தனியாக வந்துவிட்டது. அந்தப் பெயர் இங்கே வேண்டாம், மலிவுப் பாக்கெட் எதுவானாலும் முள்ளைக் கட்டை விரல் நகத்தில் லேசாக வைத்துப் பாருங்கள், வழுக்கினால் வேண்டாம்.

சபிக்கியின் குறை என்று சொன்னால் அதன் நரம்புதான். ஒவ்வொரு முள்ளையும் சரத்தோடு இணைக்கும் கிளை நரம்பு மெல்லியது, அது மெல்லியதாக இருப்பதால்தான் மீன் ஏமாறுகிறது, அதே காரணத்தால்தான் ஒரே நேரத்தில் ஐந்தாறு மேக்கரல் ஏறி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் மொத்தச் சரமும் முறுக்கிக் குப்பையாகிறது. ஆகவே பாக்கெட்டைப் பிரித்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஆறு முள் சரத்தை நடுவில் வெட்டி மூன்று மூன்றாக ஆக்குவது. மேல் பாதியின் அடியில் எடைக்கான ஈயம் மாட்ட ஒரு கொக்கி, கீழ் பாதியின் தலையில் ஒரு சுழலி, அவ்வளவுதான் வேலை. கூட வந்த தம்பி ஒருவன், "அண்ணே, ஆறு முள் இருந்தா ஒரே வீச்சுல ஆறு மீன் வருமே, எதுக்கு வெட்டுறீங்க?" என்று கேட்டான். வரும்தான். ஆனால் ஆறு மீனைக் கழற்றி, சிக்கெடுத்து, மறுபடி வீசுவதற்குள் கூட்டம் அடுத்த சுவருக்குப் போயிருக்கும். மூன்று முள்ளோடு இரண்டு மீன், கழற்று, உடனே வீசு, மறுபடி இரண்டு மீன். நிற்காத மீனுக்கு வேகம்தான் கணக்கு. கூட்டமாக ஆள்கள் நிற்கும் சுவரில் நீளமான ஆறு முள் சரத்தைத் தலைக்குப் பின்னாலிருந்து வீசுவது பக்கத்தில் ஓடுகிற குழந்தைகளுக்கு ஆபத்து என்பதும் எனக்குப் பெரிய காரணம். கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள், ஒருவர் காதில் முள் ஏறினால் எல்லோருக்கும் அந்த நாள் போயிற்று.

சரத்தைப் பாக்கெட் அட்டையிலிருந்து எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கையால் மொத்தமாக உருவாதீர்கள். ராடைச் சுவரில் சாய்த்து, ரீல் நரம்பைச் சரத்தின் தலையில் மாட்டி, அடியில் ஈயத்தைக் கோத்து, ஈயத்தின் எடையாலேயே முள் ஒவ்வொன்றாக அட்டையை விட்டு வரும்படி மெதுவாக இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, குழாய்க்குச் சுற்றுகிற நுரை உறைத் துண்டில் சுற்றிக் குத்தி வைத்தால் ஒரு சரம் பல முறைக்கு வரும்.

இனி வாசனைப் பை. என்னைக் கேட்டால் இந்த விமர்சனத்தின் முக்கியமான பொருளே இதுதான், ஏனென்றால் சபிக்கி வந்த மீனைப் பிடிக்கும், இது போகிற மீனைத் திருப்பும். எண்ணெய்ச் சத்துள்ள மீனின் தலை, குடல், பழைய மீன்துண்டு எல்லாவற்றையும் மசித்து, கோதுமைத் தவிடும் மீன் எண்ணெயும் சேர்த்து, வெங்காயம் வருகிற வலைப்பையில் கட்டி, கயிற்றில் தொங்கவிட வேண்டியது. அலை வந்து வந்து பையை அடிக்க, பொடித் துகளும் எண்ணெயும் நீரோட்டத்தோடு ஒரு பாதையாகப் போகும். மேக்கரல் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், ஆகவே அது நேராக வாசனை பிடித்து வரும் என்று நினைக்க வேண்டாம். முதலில் வருவது சுவரோரப் பொடி மீன். அதைத் தொடர்ந்து முரல் வரும், நீண்ட மூக்கோடு மேல்தண்ணீரில் வெள்ளி மாதிரி மின்னும். அப்புறம்தான் மேக்கரல். முரல் வந்துவிட்டது என்றால் நம்பிக்கையோடு நில்லுங்கள், இந்த இரண்டும் ஒரே வழியில் திரிகிற மீன்கள்.

கடையில் கிடைப்பது இரண்டு வகை. உறைய வைத்த கட்டி ஒன்று, தண்ணீர் சேர்த்துப் பிசைகிற காய்ந்த பொடி ஒன்று. வேலையில் கட்டிதான் மேல். உறைந்த கட்டி மெதுவாகக் கரைவதால் இரண்டு மணி நேரத்துக்குத் தொடர்ந்து பாதை போட்டுக்கொண்டே இருக்கும். பொடியைப் பிசைந்து போட்டால் நல்ல அலையில் அரை மணி நேரத்தில் பை காலி. ஆனால் ரயிலிலும் பேருந்திலும் போகிறவர்கள் உறைந்த கட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வெயில் நாளில் பாதி வழியிலேயே உருகும், அந்த வாசனையோடு மூடிய பேருந்துக்குள் உட்காருவது கூட இருப்பவர்களுக்குச் செய்கிற அநியாயம். அவர்களுக்குப் பொடி வாங்குவதுதான் சரி. அதில் டின் மீனை எண்ணெயோடு ஒன்று உடைத்துச் சேர்த்து, பழைய ரொட்டியும் பிசைந்து இறுக்கமாகக் கட்டினால் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும். வீட்டில் உறைபெட்டி இடம் உள்ளவர்கள் கடையில் வாங்கவே வேண்டாம், போன முறை பிடித்த மீனின் தலையும் குடலும் ஐஸ்கிரீம் டப்பாவில் தவிட்டோடு உறைந்து காத்திருக்கட்டும்.

பையைத் தொங்கவிடுகிற கயிறு நீளமாக இருக்க வேண்டும், இதைப் பாக்கெட்டில் யாரும் எழுதுவதில்லை. பிரிக்சத்தில் அமாவாசை பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய நான்கு மீட்டர் வித்தியாசம். ஏற்றத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த பை, கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டால் அந்தரத்தில் தொங்கும், கடற்காகங்கள் கிழித்துத் தின்றுவிடும். அரை மணிக்கு ஒரு முறை கயிற்றை விட்டுக்கொடுங்கள். அதேபோல் பாதை எந்தப் பக்கம் போகிறது என்று ரொட்டித் துண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே வீசுங்கள். பையை ஒரு பக்கம் போட்டுவிட்டு நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டு நிற்கிறவர்கள் நிறைய, அவர்களுடைய இரையைத் தின்ன வந்த மீனை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருப்பார். நீரோட்டம் அசையாத நேரத்தில் பை போடுவதும் வீண், காலடியில் நண்டுதான் சேரும். சில துறைமுகங்களில் தண்ணீரில் எதையும் கொட்டக் கூடாது என்று பலகை இருக்கும், அதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஜப்பானில் சபிக்கியையும் இரையையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. சரத்தின் மேலோ கீழோ ஒரு சின்னக் கூடு, அதற்குள் ஆமி எனப்படும் பொடி இறால், தண்ணீருக்குள் இறக்கி ராடை ஓர் உதறு உதறினால் இறால் மேகம் போலப் பரவும், அந்த மேகத்துக்குள் முள்கள் நிற்கும். இதையே இங்கே செய்ய, ஆற்றுமீன் பிடிக்கிறவர்கள் பயன்படுத்துகிற கம்பிக்கூடு ஒன்று போதும், ஒன்றரைப் பவுண்டு. ரொட்டியும் மசித்த மீனும் அதில் அடைத்துச் சரத்துக்கு மேலே மாட்டிவிடலாம். சுவரோரத்தில் நேராக இறக்கிப் பிடிக்கும்போது இந்த ஏற்பாடு அற்புதமாக வேலை செய்கிறது. தூரமாக வீசினால் பாதி வழியில் இரை சிதறும், அதற்கு இது ஆகாது. எனக்குக் கிடைத்ததில் காசுக்கு மேல் வேலை செய்த பொருள் என்றால் இந்தக் கூடுதான்.

பொருள் இவ்வளவு. ஆனால் தப்பான இடத்தில் தப்பான நேரத்தில் நின்றால் எந்தப் பொருளும் உதவாது, ஆகவே இடத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பிரிக்சம் அலைத்தடுப்புச் சுவர் அரை மைல் நீளம், 1843-இல் தொடங்கிக் கட்டம் கட்டமாகக் கட்டி 1916-இல் முடித்தது. முனையில் ஒரு சின்ன வெள்ளைக் கலங்கரை விளக்கம். உள்பக்கம் படகுத்துறை, வெளிப்பக்கம் திறந்த விரிகுடா. கரையில் பேருந்தைவிட்டு இறங்கியவர்கள் பாதி பேர் சுவரின் முதல் கால் பகுதியிலேயே சாமான்களை இறக்கிவிடுவார்கள், நடக்கச் சோம்பல். நடங்கள். முனையில்தான் ஆழம் கூடுதல், நீரோட்டம் வளைந்து திரும்புவதும் அங்கேதான். துறைமுகத்துக்குள் நுழைகிற பொடி மீன் அந்த மூலையைத் தாண்டித்தான் வர வேண்டும், மேக்கரலுக்கும் அது தெரியும். எந்தத் துறைமுகமானாலும் இதே கணக்கு: துறைமுக வாய், சுவர் முனை, ஓடுகிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும் சந்திக்கிற கோடு. அந்தக் கோடு மேலிருந்து பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் நுரையும் பாசித்துண்டும் சேர்ந்து நிற்கும்.

நேரம் என்றால், ஏற்றத்தின் கடைசி இரண்டு மணியும் வற்றத்தின் முதல் ஒரு மணியும். அது விடியலோடோ சூரியன் சாய்கிற நேரத்தோடோ சேர்ந்து வருகிற நாளைக் கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு நாள் மற்ற நாள்களை விழுங்கிவிடும். மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பருவம், உச்சம் ஜூலை ஆகஸ்டு. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கண்ணால் வேட்டையாடும் மீன் என்று மேலே சொன்னேனே, கலங்கிய தண்ணீருக்கு அது வராது. பிரிக்சம் தென்மேற்குக் காற்றிலிருந்து பெர்ரி ஹெட் முனையின் மறைவில் இருப்பதால் மற்ற இடங்களில் காற்று அடிக்கிற நாளிலும் இங்கே அமைதியாக இருக்கும். கிழக்குக் காற்று அடித்தால் கதை வேறு, அலை நேராக விரிகுடாவுக்குள் வரும், தண்ணீர் இரண்டு நாளைக்குச் சேறாக நிற்கும், சுவரும் வழுக்கும். அந்த நாளில் ரயில் டிக்கெட் காசை மிச்சப்படுத்துங்கள்.

போய்ச் சேர்ந்ததும் உடனே வீசாதீர்கள், ஐந்து நிமிடம் பாருங்கள். ஆலாக்கள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுகிறதா, பொடி மீன் மழைத்துளி விழுந்தது போல மேலே துள்ளுகிறதா, பக்கத்து ஆள்களில் யாருக்கு முதலில் அடிக்கிறது, அடுத்து யாருக்கு. முனையில் தொடங்கி ஒவ்வொருவராகக் கரைப்பக்கம் அடித்துக்கொண்டு வந்தால் கூட்டம் உங்களை நோக்கி வருகிறது, ராடைத் தயாராக வைத்திருங்கள். உள்பக்கம் சீல் எனப்படும் கடல்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தால் மட்டும் சாமானைத் தூக்கிக்கொண்டு சுவரின் வேறு பகுதிக்குப் போய்விடலாம். பிரிக்சத்தில் அவை சகஜம், அது சுற்றுகிற இடத்தில் மேக்கரல் நிற்காது, மாட்டிய மீனையும் பாதியில் கடித்துப் போய்விடும்.

அடையாளம் ஒன்றும் இல்லாத நாளில் ஆழத்தைத் தேட வேண்டும். வீசியதும் ஈயம் இறங்கும்போது எண்ணுங்கள். ஐந்து எண்ணி ஒரு முறை இழுத்து வாருங்கள், அடுத்ததில் பத்து, அடுத்ததில் பதினைந்து. இழுக்கும்போது ராடை உயர்த்தி, தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள், முள்கள் ஏறி இறங்கி நடுங்க வேண்டும், பெரும்பாலும் இறங்குகிற நேரத்தில்தான் அடிக்கும். எந்த எண்ணில் அடித்ததோ அதை விடாதீர்கள். வெயில் ஏற ஏறக் கூட்டம் ஆழத்துக்குப் போகும், அப்போது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

சபிக்கியில் வேண்டிய மீன் கிடைத்துவிட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தக்கைக்கு மாறுங்கள் என்பது என் ஆசை. பிடித்த மேக்கரல் ஒன்றின் வயிற்றுப்பக்கத்திலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளைப் பட்டை ஒன்று சீவி, ஒற்றை முள்ளில் நுனியை மட்டும் குத்தி, தக்கைக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் விட வேண்டியது. இலேசான ராடில் ஒரு மேக்கரல் இழுக்கிற இழுப்பை ஒரு முறை கையில் உணர்ந்தால், ஐந்து மீனை ஒரே சரத்தில் பக்கெட் தண்ணீர் தூக்குவது போலத் தூக்க மனசு வராது. அவ்வளவு வலுவான மீன் அது, அதற்கு அந்த மரியாதை கொடுக்க வேண்டும். பெரிய மேக்கரலும் அதிகம் கிடைப்பது தக்கையில்தான், வாசனைப் பாதையில் தக்கையை மிதக்கவிட்டால் இன்னும் நல்லது.

கடையில் வேண்டாம் என்று நான் சொல்கிற பொருள்கள்: கரையிலிருந்து நூறு மீட்டர் வீசுகிற பன்னிரண்டு அடி ராடு, இந்த மீன் இருபது முப்பது மீட்டருக்குள்ளேயே வந்துபோகும். இருட்டில் ஒளிர்கிற பிளாஸ்டிக் மீன் கட்டிய சரம், பெரிய முள், ஆழ்கடல் படகில் காட் மீன் பிடிக்க நல்லது, துறைமுகச் சுவருக்குப் பொருத்தம் இல்லை. விளையாட்டுப் பொருள் மாதிரி ராடு, ரீல், சரம், ஈயம் எல்லாம் சேர்த்து ஒரே அட்டையில் விற்கிற பெட்டியும் வேண்டாம், அதில் வருகிற நரம்பு பழையதாக இருக்கும், ஈயம் ராடு தாங்குகிற எடைக்கு மேல் இருக்கும். நாற்பது கிராம் வரை வீசக்கூடிய ஓர் ஒன்பது அடி ஸ்பின்னிங் ராடு, அதற்கு ஏற்ற ஈயம், போதும். கனமான ஈயம்தான் வீசுவேன் என்றால் முன்னால் தடித்த நரம்பு ஒரு நீளம் கட்டியே ஆக வேண்டும், ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு தாங்குதிறன் என்பது இங்கே எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. வீசும்போது நரம்பு அறுந்தால் அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டுதான், எதிரே படகில் ஆள்கள் இருப்பார்கள்.

கடற்கரையில் நின்று கடல்மீன் பிடிக்க இங்கிலாந்தில் உரிமம் வாங்க வேண்டியதில்லை, பிடித்ததை விற்கக் கூடாது. அளவு விதி உண்டு, 20 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், வட கடல் பக்கம் 30 சென்டிமீட்டர். விடுகிற மீனை ஈரக் கையால் பிடியுங்கள், அல்லது தொடாமலே முள்ளைத் திருப்பி உதறி விடுங்கள், மேக்கரலின் தோல் அவ்வளவு மென்மை, காய்ந்த கையில் அழுத்திப் பிடித்து விட்டால் பிழைப்பது கடினம். சபிக்கியில் முள் சிறிது என்பதால் கழற்றுவது சுலபம், இதற்கும் சேர்த்து அதற்கு மதிப்பெண் போடுகிறேன்.

எத்தனை எடுப்பது என்பதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்புக் குப்பைப்பை நிறைய மேக்கரலைச் சுமந்துகொண்டு போகிறவர்களைச் சுவரில் பார்க்கிறேன், அதில் நம்மவர்களும் உண்டு. வடகிழக்கு அட்லாண்டிக் மேக்கரல் இப்போது நல்ல நிலையில் இல்லை. நாடுகள் பங்கு பிரிப்பதில் ஒத்துப்போகாமல் அறிவியலாளர்கள் சொன்ன அளவுக்கு மேல் ஆண்டுக்கணக்காகப் பிடித்ததில், 2019-இல் இந்த மீனுக்கு இருந்த, வளம் குறையாமல் பிடிப்பதற்குத் தருகிற எம்.எஸ்.சி சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது. கடல் ஆய்வு மன்றமான ஐசிஇஎஸ் 2026-க்குப் பரிந்துரைத்த பிடிப்பு அளவு, முந்தைய ஆண்டுக்குச் சொன்னதைவிட 70 சதவீதம் குறைவு. பெரிய கப்பல்கள் அள்ளுவதற்கு முன்னால் நம் தூண்டில் ஒன்றுமில்லைதான், அதற்காகத் தின்ன முடியாததை எடுத்துப் போய் வீணாக்குவது நியாயமாகாது. வீட்டுக்கு எத்தனை பேர், ஆளுக்கு இரண்டு, அவ்வளவு போதும்.

அதிகம் எடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் வயிறு. மேக்கரல் மிகச் சீக்கிரம் கெடும் மீன். தேவாலய வழிபாட்டுக்கு முன்னும் பின்னும் ஞாயிற்றுக்கிழமையிலேயே இதை விற்கலாம் என்று லண்டனில் 1698-லேயே சட்டத்தில் விலக்கு கொடுத்திருந்தார்கள், திங்கள்வரை தாங்காது என்பதால். வெயிலில் வாளியில் கிடந்தால் அதன் சதையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். தின்றால் முகம் சிவக்கும், தலைவலி, படபடப்பு, ஒவ்வாமை வந்தது போலவே இருக்கும். எவ்வளவு புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும், எவ்வளவு மொறுமொறுப்பாகப் பொரித்தாலும் அது அழியாது. ஆகவே பிடித்த உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, பனிக்கட்டியும் கடல்தண்ணீரும் கலந்த பெட்டிக்குள் போட வேண்டும். பிரிக்சத்தில் ஊருக்குள் கடைகளில் பனிக்கட்டிப் பை கிடைக்கும், சுவருக்கு நடக்கும் முன்பே வாங்கிவிடுங்கள், முனையிலிருந்து திரும்பி வந்து வாங்க முடியாது. நல்ல குளிர்ப்பெட்டி ஒன்றுக்குச் செலவிடும் காசை நான் ராடுக்குச் செலவிடும் காசைவிட முக்கியமாக நினைக்கிறேன். அப்படி வீடு சேர்ந்த மீனை அன்றைக்கே மிளகாயும் மஞ்சளும் மிளகும் தடவி வறுத்தால், கடையில் வாங்குகிற மேக்கரலை அதற்கப்புறம் தொட மாட்டீர்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தரமான சபிக்கி ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் அந்த மெல்லிய கிளை நரம்புக்காகக் குறைத்தேன். உறைந்த வாசனைக் கட்டி ஐந்துக்கு ஐந்து, கார் உள்ளவர்களுக்கு மட்டும். பொடி மூன்றரை. கம்பிக்கூடு ஐந்து. இறகுச் சரம் ஆகஸ்டில் நாலு, ஜூனில் இரண்டு. பிரிக்சம் சுவருக்கு நாலரை, முனையில் ஒதுங்க நிழலோ கழிப்பறையோ இல்லை, பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாக்கெட் சபிக்கியாக வாங்குங்கள், சுவரின் வெளிப்பக்கம் அடியில் பாறைக்கட்டிகள் உண்டு, ஒன்று கண்டிப்பாக அங்கே மாட்டிக்கொள்ளும்.